இடது முட்டு சபைக்கு, வலது முட்டு ஆசானுக்கு

தக்கலை வைத்தியர் முத்துநாயகம் ஆசானிடம் எட்சன் சொன்ன பொய் ரொம்பச் சிறியது. ஒரு கால்முட்டு அளவுதான் இருக்கும்.

"வீட்டுக்காரிக்கு முட்டுவலி உண்டா?" என்று ஆசான் கேட்டார்.

"உண்டு ஆசானே. பயங்கரம்" என்றான் எட்சன்.

எட்சன் அறிந்தவரை ஷைஜாவுக்கு வாழ்நாளில் வலித்தது ஒரே ஒரு கடைவாய்ப்பல். அதையும் பிடுங்கியாயிற்று. ஆனால் ஆசான் விற்பது பல்பொடி அல்ல, நாயகம் முட்டுவலித் தைலம். பல்லைச் சொல்லி அங்கே ஒன்றும் நடக்காது.

ஷைஜா நெடுந்தூர ஓட்டக்காரி. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு பஸ் போகிற தூரத்தை ஒன்றேகால் மணி நேரத்தில் ஓடிவிடுவாள். சுசீந்திரத்தில் தேர் நாளாக இருந்தால் பஸ் அவளுக்குப் பிறகுதான் வந்து சேரும். ஓடிய இடமெல்லாம் ஜெயித்தாள். ஜெயித்ததற்கெல்லாம் ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். சமையலறைப் பரணில் ஹாட்பாக்ஸ்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. அவளுக்குத் தேவைப்பட்டது ஹாட்பாக்ஸ் அல்ல. ஊட்டியில் ஒரு கோச் வருடம் முழுக்க முகாம் நடத்துகிறார்; மலைக்காற்றில் ஓடிப் பழகினால் தேசிய அணிவரை போகலாம். அதற்கு ஒரு ஸ்பான்சர் வேண்டும். கிடைக்காவிட்டால் மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலை காத்திருந்தது. அவள் அப்பா ஞானையன் விசாவுக்குச் சொல்லி வைத்துவிட்டு, தினமும் மகளுக்குப் போன் செய்து, ஓடினது போதுமா மக்களே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எட்சன் இன்வெர்ட்டர் பேட்டரி கடை வைத்திருந்தான். கரண்டு போனால்தான் மக்கள் தன்னை நினைக்கிறார்கள் என்ற வருத்தம் அவனுக்கு உண்டு. அதனால் மனைவியின் ஓட்டத்துக்கு மேனேஜர் ஆனான். விசிட்டிங் கார்டில் 'ஸ்போர்ட்ஸ் பிராண்ட் ஆலோசகர்' என்று போட்டு, அடியில் சிறிய எழுத்தில் 'பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் நிரப்பித் தரப்படும்' என்றும் போட்டிருந்தான்.

ஜெயிக்கிறவளுக்கு ஏன் ஸ்பான்சர் வருவதில்லை என்பது அவனைக் குடைந்துகொண்டே இருந்தது. பெங்களூரில் எப்போதும் நான்காவதாக வரும் ஒரு பெண்ணுக்கு ஆறு ஸ்பான்சர். அவளிடம் ஒரு நாய் இருந்தது. நாய்க்குத் தனியாக இரண்டு ஸ்பான்சர். எட்சன் ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தான். டை கட்டிய ஒருவர், ஸ்பான்சர் வாங்குவது காலை அல்ல, கதையை என்றார். கஷ்டம் வேண்டும், விழுந்து எழுந்திருக்க வேண்டும், பார்க்கிறவன் அட இவள் நம்மைப்போல என்று சொல்ல வேண்டும்.

அன்றைக்கே எட்சன் மனைவியிடம் கஷ்டம் தேடினான்.

"ஏட்டி, சின்னதுல நீ செருப்பில்லாம பள்ளிக்கூடத்துக்கு நடந்து போயிருக்கியா?"

"வேன்ல போனேன்."

"வேன் எப்பவாவது வராம இருந்திருக்குமே."

"அப்பம் அப்பா கார்ல கொண்டு விடுவாவ."

இரண்டு தலைமுறையாக மூன்று வேளையும் சாப்பிட்டு வந்த குடும்பத்தில் பெண்ணெடுத்தது எவ்வளவு பெரிய தவறு என்று எட்சனுக்கு அன்றுதான் விளங்கியது. அந்த விரக்தியில்தான் அவன் ஆசானிடம் ஸ்பான்சர் கேட்டுப் போனதும், அவர் கேட்டதற்கு உண்டு என்று சொன்னதும்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஷைஜா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"எனக்கு முட்டுவலின்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நானா சொன்னதாக்கும்."

அவள் மாவை இன்னும் பலமாகப் பிசைந்தாள். "இஞ்ச பாருங்க. எனக்கு வலிக்குன்னு எனக்க வாயால ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன். ஊட்டி கோச் அடிபட்ட கால எட்டிக்கூட பாக்க மாட்டாரு."

கோச்சின் ஒரே நிபந்தனை அதுதான். ஆசானுக்கு வலி வேண்டும், கோச்சுக்கு வலி கூடாது. எட்சன் இதை யோசித்திருந்தான். ஒரு மண்டலம் தைலம் தேய்த்து, மண்டலம் முடிகிற வாரம் நாகர்கோவில் - கன்னியாகுமரி ஓட்டத்தில் ஜெயித்துவிட்டால், வலி வந்ததும் ஆசானுக்கு லாபம், போனதும் கோச்சுக்குத் திருப்தி.

"நீ வாயே தொறக்கண்டாம். முட்டுல ஒரு கட்டு கட்டினா போரும்."

"எதுல?"

"ஏதாவது ஒண்ணுல."

"அப்பம் இடது" என்றாள் உடனே.

இவளுக்குப் பொய் சொல்ல வராது, ஆனால் முடிவெடுக்க வருகிறது என்று எட்சன் மகிழ்ந்தான்.

ஆசான் அவளைப் பார்க்க வேண்டும் என்றார். வைத்தியசாலையில் ஆண்களுக்கு முன்வாசல். பெண்களுக்குப் பின்பக்கம் தனி வாசல், தனி அறை. அங்கே தைலம் தடவுவது ஓமனா என்ற அம்மாள். ஆசான்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஓமனா தன் மகளின் பிரசவத்துக்காகத் திற்பரப்புக்குப் போயிருந்ததால், இந்த ஒருதடவை தானே பார்ப்பதாகச் சொல்லி ஆசான் முன்னறையில் நாற்காலி போட்டார். பெருவிரலால் இடது முட்டின் ஓரத்தில் ஓர் இடத்தைத் தொட்டு அழுத்தினார். ஷைஜா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மோ" என்றாள்.

எட்சன் அசந்துபோனான். அவள் கண்ணில் தண்ணீரே வந்திருந்தது. இத்தனை நாள் இவளை வெறும் ஓட்டக்காரி என்று நினைத்திருந்தோமே என்று அவனுக்கு இருந்தது.

ஆசான் கை கழுவிவிட்டு வியாபாரம் பேசினார். அவர் ஆன்லைன் வகுப்பு எதிலும் சேர்ந்ததில்லை. ஆனாலும் எட்சனுக்கு அங்கே நோட்டு எடுக்கத் தோன்றியது.

"நெஞ்சுல நம்பர் குத்திருவான், அது போட்டி நடத்துகவனுக்க எடம். ஜெயிச்சா ரிப்பன் வந்து விழும், அதுவும் அவனுக்கு. தலையில வேர்வ. பின்ன ஓடுகவளுக்க ஒடம்புல காலியா கெடக்கது என்ன?"

"என்ன ஆசானே?"

"முட்டு" என்றார் ஆசான். "நூறு மீட்டர் ஓடுகவனுக்க முட்டுல எழுதினா எவன் வாசிப்பான்? கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள போயிருவான். இவ ஒண்ணேகால் மணிக்கூர் காட்டுவா. இன்னும் கொஞ்சம் மெதுவா ஓடினாலும் கொள்ளாம். வயசானவிய வாசிக்கண்டாமா?"

மெதுவாக ஓடுவதைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எட்சன் சமாளித்தான். ஆசான் மஞ்சள் துணியில் 'நாயகம் தைலம்' என்று சிவப்பில் அச்சடித்த கட்டுத்துணி ஒரு சுருள் கொடுத்தார். ஜெயித்தால் ஒரு வருடத்துக்கு முகாம் செலவு, பயணம், ஷூ எல்லாம் வைத்தியசாலை பொறுப்பு.

அன்று இரவிலிருந்து ஷைஜா தைலம் தேய்த்தாள். சும்மா பெயருக்குத் தடவினால் போதும் என்று எட்சன் சொன்னபோதும் அவள் கேட்கவில்லை. தைலத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, தொடையிலிருந்து கீழே இறக்கி, முட்டைச் சுற்றி வட்டமாக, கடைசியில் இரண்டு விரலால் ஓரத்தில் அழுத்தி விட்டாள். ஆசான் இதையெல்லாம் சொல்லித் தரவில்லை. யூடியூப் என்று எட்சன் நினைத்துக்கொண்டான்.

கட்டோடு அவள் தண்ணீர் பிடிக்கப் போனதை முதலில் பார்த்தது அடுத்த வீட்டு லீலாபாய். எட்சனுக்கு ஒன்றுவிட்ட சித்தி. அவர்கள் போகும் தேவாலயச் சபையில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். யாருக்கு என்ன உபாதை என்பது அவளுக்குத் தெரியாமல் அந்தச் சபையில் ஒரு தும்மலும் போனதில்லை. ஷைஜா வாய் திறக்கவில்லை. அதுவே லீலாபாய்க்குப் போதுமானதாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லமுடியாத வேதனை என்று தீர்மானித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், காணிக்கைக்கு முன்னால், ஜெபக் குறிப்புகளில் ஷைஜாவின் இடது முட்டு வாசிக்கப்பட்டது. மழைக்கும், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் நடுவில் அது வந்தது. பெண்கள் ஐக்கியம் செவ்வாயும் வெள்ளியும் வீடு வீடாக முட்டுக்காகக் கூடியது. எட்சன் வீட்டுக்கும் வந்து, ஷைஜாவை நடுவில் உட்காரவைத்துப் பாட்டுப் பாடினார்கள். போகும்போது டீயும் ரஸ்கும் சாப்பிட்டார்கள். டீக்கு ஹாட்பாக்ஸ் தேவைப்படாததில் எட்சனுக்குச் சிறு ஏமாற்றம்.

இந்த அளவு விளம்பரம் இலவசமாகக் கிடைக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஆசானுக்குச் செய்தி போனதும் ஆசான் உற்சாகமாகி, ஊரெல்லாம் பிளெக்ஸ் வைக்கச் சொன்னார்.

பிளெக்ஸ் அடித்தது ஷிபு. தொழிலில் அவனுக்கு ஒரு கொள்கை உண்டு: பிளெக்ஸில் இருக்கிற யாரும் வெளியே பார்க்கக் கூடாது, ஓரத்தில் இருப்பவர்கள் நடுவில் இருக்கும் பெரிய ஆளைப் பார்க்க வேண்டும். கல்யாணமானாலும் கட்சி மாநாடானாலும் அதுதான் மரியாதை. நடுவில் ஆள் உயரத்துக்கு ஆசான். வலது மூலையில் கறுப்புக் கண்ணாடி போட்ட எட்சன். இடது மூலையில், தைலக் குப்பியை விடச் சற்றே சிறியதாக ஷைஜா. அவள் ரோட்டைப் பார்த்து நின்றிருந்தாள். ஷிபு படத்தைப் புரட்டிப் போட்டு அவளை ஆசானைப் பார்க்க வைத்தான். கட்டில் இருந்த எழுத்து இடவலம் மாறித் தெரியவே, அதை அழித்து மேலே ஒழுங்காக டைப் செய்தான். உழைப்பாளி.

பிளெக்ஸ் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏறிய அன்று சாயங்காலமே லீலாபாய் வந்துவிட்டாள்.

"ஏலே எட்சா, நாங்க எந்த முட்டுக்கு ஜெபிச்சிட்டிருக்கோம்?"

"இடது, சித்தி."

"போர்டுல வலதுல கட்டு இருக்கே. ரெண்டு வாரமா மாத்தியா ஜெபிச்சோம்?"

எட்சன் அவசரமாகக் கணக்குப் போட்டான். பிளெக்ஸை மாற்றினால் ஆசான் கேட்பார். கட்டை மாற்றினால் சபை கேட்கும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு வழிதான் இருந்தது. "ரெண்டுலயும் உண்டு சித்தி. முதல்ல இடது, பொறவு வலதுக்கும் எறங்கிட்டு."

லீலாபாய் உச்சுக்கொட்டினாள். அவள் போனதும் எட்சன் துணிச் சுருளை எடுத்தான். ஷைஜா காலை இழுத்துக்கொண்டாள்.

"வலதுக்கு ஒண்ணும் இல்லல்லா. அதுல எதுக்கு கட்டு?"

"இடதுக்கு மட்டும் என்ன இருக்கு?"

ஷைஜா சுருளின் முனையைப் பிரித்துக் கொடுத்தாள். வலது காலை நீட்டினாள்.

இரண்டு முட்டிலும் மஞ்சள் கட்டோடு ஒருத்தி நடந்தால், அது விளம்பரமாகத் தெரிவதில்லை, விபத்தாகத் தெரிகிறது. இரண்டு முட்டும் போயிற்று, ஸ்டீல் வைக்கப் போகிறார்கள், ஒரு முட்டுக்கு இரண்டு ஸ்குரூ என்றெல்லாம் மார்த்தாண்டம்வரை பேச்சு போயிற்று. ஓட்டப்போட்டி நடத்துகிற நாகர்கோவில் கிளப்பிலிருந்து எட்சனுக்கு அன்பான குரலில் ஓர் அழைப்பு வந்தது. ஷைஜாவின் நலன் கருதி அவளை இருபத்தொரு கிலோமீட்டரிலிருந்து எடுத்து, மூத்த குடிமக்களின் நலநடையில் சேர்த்திருக்கிறார்களாம். தொப்பி உண்டு. மோரும் உண்டு.

எட்சன் அன்றிரவு தூங்கவில்லை. விடிந்ததும் ஷைஜாவைக் கட்டு இல்லாமல் வேளிமலை அடிவாரத்துச் சானல் கால்வாய்க் கரைக்குக் கூட்டிப்போய் ஓடவிட்டு, பின்னாலேயே ஸ்கூட்டரில் போய் வீடியோ எடுத்தான். மான் மாதிரி ஓடினாள். வீடியோவைக் கிளப்புக்கு அனுப்பினான். எட்சன் கையில் கிடைத்த எதுவும் ஸ்டேட்டஸில் ஏறாமல் இருந்ததில்லை; கைப்பழக்கத்தில் அங்கேயும் ஏற்றிவிட்டான். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பதையே உறவினர்கள் அவன் ஸ்டேட்டஸில்தான் தெரிந்துகொள்வார்கள். ஷைஜா தன் சமாச்சாரம் எதையும் அவனிடம் சொல்லத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிளப் அவளை மறுபடி ஓட்டத்தில் சேர்த்துக்கொண்டது. அதே வீடியோவை லீலாபாயும் பார்த்தாள். இரண்டு முட்டும் சுகமாயிற்று, அதுவும் வெள்ளிக்கிழமை ஜெபத்தின் மறுநாள். வரும் ஞாயிறு ஷைஜா சபையில் எழுந்து, சுகம் கிடைத்த கதையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று நாள் குறித்தாள். செய்தி தக்கலைக்குப் போக ஒரு பஸ் நேரம்கூட ஆகவில்லை. ஆசான் எட்சனை வரச்சொன்னார். உட்காரச் சொல்லவில்லை.

"மண்டலத்துல பாதி ஆவல்ல. அதுக்குள்ள எப்பிடி ஓய் சொகமாவும்? எனக்க தைலம் இன்னும் வேல செய்யவே தொடங்கல்லியே."

"சொகமாவல்ல ஆசானே. அது பழைய வீடியோ."

"அப்பம் நடந்து காட்டச் சொல்லும். நொண்டணும். மண்டலம் முடியுற வரைக்கும் நொண்டணும்."

ஞாயிறு அன்று சாட்சி சொல்லப் போகிறவளைப் பார்க்கச் சபை நிறைந்திருந்தது. ஷைஜா நொண்டிக்கொண்டே உள்ளே வந்தாள். நொண்டச் சொன்னால் முரண்டு பிடிப்பாள் என்று எட்சன் பயந்திருந்தான். அவளோ அன்று மிக இயல்பாக, படி ஏறும்போது மட்டும், இடது காலை ஒரு நொடி தாமதித்து எடுத்து வைத்தாள். மிகைப்படுத்தாத நடிப்பு என்று எட்சன் மனதுக்குள் பாராட்டினான். லீலாபாயின் முகம் மட்டும் வாடிப்போயிற்று. வாசலில் அவனைப் பிடித்துக்கொண்டாள். கோபத்தை விட அதில் துக்கம்தான் இருந்தது.

"கிடைச்ச சொகத்த யாருலே பறிச்சா? தைலத்துக்க பேர எழுதிக் கட்டினா பின்ன எப்பிடி நிக்கும்? சபையில இவளுக்காக உபவாசம் இருந்தவிய உண்டு, தெரியுமா?"

எட்சனுக்கு முதல்தடவையாக வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் அவனை எப்போதும் இன்னொரு யோசனைக்குத்தான் கொண்டுபோகும். அன்று சாயங்காலம் லீலாபாய் வீட்டுக்கும் தக்கலைக்குமாக இரண்டு தடவை ஸ்கூட்டர் ஓட்டி, ஓர் உடன்படிக்கையை உண்டாக்கினான். இடது முட்டு சபைக்கு. அது ஜெபத்தால் சுகமானது. சுகமானபடியால் அதில் கட்டும் கிடையாது, எழுத்தும் கிடையாது. வலது முட்டு ஆசானுக்கு. அது தைலத்தால், மண்டலம் முடிந்தபிறகே சுகமாகும். அதுவரை மஞ்சள் கட்டு நிற்கும். ஓட்டத்தைப் படம்பிடிக்கும் டிவி வண்டி ரோட்டின் வலதுபக்கம் போகும் என்று தெரிந்ததும் ஆசானும் ஒத்துக்கொண்டார். ஷைஜாவிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

ஓட்டத்தன்று விடிகாலையில் நாகர்கோவில் வடசேரியில் கூட்டம் கூடியிருந்தது. ஊட்டி கோச்சும் வந்திருந்தார். தொப்பியும் நிறுத்துக் கடிகாரமுமாக, யாரோடும் பேசாமல் ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும் நேரத்தில் ஷைஜா குனிந்தாள். வலது முட்டின் கட்டை அவிழ்த்து, இடது முட்டில் இறுகக் கட்டிக்கொண்டாள்.

"ஏட்டி, மாறிப்போச்சு" என்று எட்சன் தடுப்புக் கயிற்றுக்கு வெளியிலிருந்து தவித்தான்.

"இப்பிடித்தான் ஓட வரும்" என்றாள். துப்பாக்கி வெடித்தது.

ஆசானின் தைலம் சபையின் முட்டில் ஓடிக்கொண்டிருந்தது. டிவி வண்டி வலதுபக்கம் போனதால் ஒன்றேகால் மணி நேரமும் வெறும் முட்டுதான் ஒளிபரப்பாயிற்று. ஆசான் வேனில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, இடதுபக்கம் பாருங்கள், இடதுபக்கம் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வழியில் கொட்டாரம் ஊரில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் இடதுபக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தது.

கன்னியாகுமரியில் முடிவுக் கோட்டுக்கு ஒருபக்கம் பெண்கள் ஐக்கியம் ஒரே நிறச் சேலையில் பாட்டுப் புத்தகத்தோடு நின்றது. மறுபக்கம் ஆசானின் ஆட்கள் குப்பியை உயர்த்திப் பிடித்து நின்றார்கள். நடுவில் ஷைஜா வந்தாள். அடுத்தவள் கண்ணுக்குத் தெரிய வெகுநேரம் ஆயிற்று. டிவி நிருபர் மைக்கை நீட்டி, ஊரே கேட்கிற கேள்வியைக் கேட்டார். இவ்வளவு கடுமையான முட்டுவலி எப்படிக் குணமானது, தைலமா, ஜெபமா?

இரண்டு பக்கமும் முன்னால் நெருங்கின. ஷைஜா மூச்சு வாங்கிக்கொண்டே ஆசானைப் பார்த்தாள், லீலாபாயைப் பார்த்தாள். கடைசியில் தொப்பிக்காரர் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"எனக்கு முட்டுவலியே வந்ததில்ல" என்றாள்.

"அப்பம் அந்தக் கட்டு?"

"விளம்பரம்."

எட்சன் கடலைப் பார்த்து நின்றான். மூன்று கடல் இருந்தும் ஒன்றில்கூட உடனே போய் விழ வசதியில்லை. சுற்றிலும் கம்பித் தடுப்பு. ஒரே ஒரு சின்னப் பொய், வாழ்நாளுக்கு ஒன்று, அதைக்கூடச் சொல்லத் தெரியாத ஒருத்தியைக் கட்டிக்கொண்டோமே என்று நினைத்தான். கோச் வந்து அவளிடம் கைகுலுக்கி, ஒன்றாம் தேதி ஊட்டிக்கு வந்துவிடு, செலவுக்கு வழி செய்துகொள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் செலவைத்தான் அவள் இப்போது மைக்கில் ஊதிப் பறக்கவிட்டிருந்தாள். இனி மஸ்கட்தான். ஞானையன் அன்று மதியமே பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இரண்டு நாள் எட்சன் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தபோது உலகம் வேறுமாதிரி இருந்தது. லீலாபாய் புதன்கிழமைக் கூட்டத்தில் எழுந்து, வந்த வலியைப் போக்குவது பெரிதல்ல, வராமலே காத்தாரே அதுதான் பெரிது என்று சாட்சி சொல்லி எல்லோரையும் அழ வைத்துவிட்டாளாம். அன்று சாயங்காலம் ஆசானிடமிருந்து போன் வந்தது. குரலில் கோபம் இல்லை.

"எத்தன வருசமா இதே தைலத்த விக்கேன், இந்த வாசகம் எனக்குத் தோணல்லியே ஓய். வலி இருக்கவன் ஊருக்குப் பாதி. வலி வந்துருமோன்னு பயப்படுகவன் முழு ஊரு. 'எனக்கு முட்டுவலியே வந்ததில்லை.' இத இந்தப் பொண்ணு சொன்னா நம்புவாவ. டிவியில, அதும் எனக்க முன்னாலயே, மறைக்காமச் சொன்னவல்லா. நாளைக்கு ரெண்டுபேரும் வாருங்க. ஒரு வருசத்துக்கு கையெழுத்துப் போட்டிருவோம்."

எட்சன் மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். தக்கலை போகிற வழியெல்லாம் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த ஷைஜாவுக்கு வகுப்பெடுத்தான். ஓட்டக்காரியிடம் உலகம் வாங்குவது காலையும் அல்ல, கதையையும் அல்ல, உண்மையை. இதை அந்த டை கட்டினவருக்கு எழுதி அனுப்பப்போகிறேன் என்றான். ஷைஜா ம் என்றாள்.

ஷிபு புதிய பிளெக்ஸைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தான். இந்தமுறை அவளைப் புரட்டவில்லை. இரண்டு முட்டும் வெறுமையாக, நேராகப் பார்த்து நின்றாள். ஆசானும் அவளும் கையெழுத்துப் போட்டார்கள். எட்சன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். படம் எடுப்பதற்கு அவள் கையில் ஒரு குப்பி கொடுக்க வேண்டும் என்று ஆசான் உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

பின்கதவைத் திறந்துகொண்டு, திற்பரப்பிலிருந்து முந்தின நாள் திரும்பியிருந்த ஓமனா, குப்பியை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். ஷைஜா சட்டென்று திரும்பிச் சுவரிலிருந்த காலண்டரைப் படிக்கத் தொடங்கினாள். ஓமனா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. நேரே போய்க் குனிந்து இடது முட்டின் ஓரத்தில், ஆசான் அன்று அழுத்திய அதே இடத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு வருசமா நான் தடவின முட்டுல்லா இது, நான் இல்லாத ஒரு மண்டலம் யாரு மோளே தடவி விட்டா, படி ஏறுகப்போ இப்பமும் நோவுதா?"